விற்க முடியாததை ஏலம் விடுதல்

(ஊடகவியல் மாணவர்களும் திரைப்பட ஆர்வலர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் போர்ட்டோபிரின்ஸ் இடிபாடாகிக் கிடந்தது. அரசுகளும் செஞ்சிலுவைச் சங்கமும் மருத்துவக் குழுக்களும் விரைந்தன. அதே நாட்களில், அந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், இன்னொரு கூட்டமும் வேலையில் இறங்கியது. தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள், நாவல்களின் ரசிகர்கள், பிடித்த பாத்திரங்களை வைத்துக் கதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், காட்சிகளை வெட்டிப் பாட்டோடு சேர்த்துக் காணொளி தொகுக்கிறவர்கள். ‘ஹெல்ப் ஹைட்டி’ என்ற பெயரில் அவர்கள் இணையத்தில் ஓர் ஏலம் தொடங்கினார்கள்.

ஏலத்துக்கு வந்தது பொருள் அல்ல, வாக்குறுதி. ‘இந்தத் தொடரைப் பற்றி ஒரு கதை எழுதித் தருகிறேன்’, ‘உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை வரைந்து தருகிறேன்’, ‘ஒரு பாட்டு நீளத்துக்குக் காணொளி தொகுத்துத் தருகிறேன்’ என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வேலையை முன்வைப்பார்கள். வேண்டியவர்கள் தொகையை ஏற்றிக்கொண்டே போவார்கள். கெடு முடிந்ததும் ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தைப் படைப்பாளியிடம் கொடுப்பதில்லை. ஏலம் நடத்துகிறவர்களிடமும் கொடுப்பதில்லை. நிவாரண அமைப்புக்கு நேராகச் செலுத்திவிட்டு ரசீதைக் காட்டுவார். ரசீது வந்த பிறகு படைப்பாளி வேலையைத் தொடங்குவார்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. ரசிகர் காணொளி தொகுப்பவர்கள் அதற்கு முன் 35 ஆண்டுகளாகத் தங்கள் வேலைக்கு விலை வைத்ததே இல்லை. விலை வைப்பது தவறு என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அப்படிப்பட்டவர்களின் காணொளிக்கு ஒருநாள் போட்டி போட்டுத் தொகை ஏறியது. அந்தச் சட்டமும் உடையவில்லை. இது எப்படி முடிந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். விலை வைக்க மறுத்த அந்தப் பிடிவாதம்தான் இந்த ஏலத்தைச் சாத்தியமாக்கியது என்பது என் கருத்து.

முதலில் ரசிகர் காணொளி என்றால் என்ன என்று பார்ப்போம். படத்தின் விளம்பரத் துண்டையோ, நாயகனின் பிறந்தநாளுக்குப் போடும் புகழ்மாலையையோ நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒளிபரப்பான தொடரிலிருந்தோ வெளியான படத்திலிருந்தோ காட்சிகளை எடுத்து, அந்தப் படத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பாட்டின் மேல் அடுக்கி, மூலப்படம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வைப்பது. இசை நிறுவனம் எடுக்கும் பாடல் காணொளியில் படம் பாட்டுக்குப் பணிவிடை செய்கிறது. இங்கே பாட்டு படத்தைப் படிக்கக் கற்றுத் தருகிறது. ஒரு கதாபாத்திரம் பேசாமல் விழுங்கிய சொல்லைப் பாட்டின் வரி சொல்லிவிடும். மூன்று பருவம் இடைவெளி விட்டு வந்த இரண்டு பார்வைகளைத் தொகுப்பவர் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அப்போதுதான் இரண்டும் ஒரே பார்வை என்று நமக்குப் புரியும். இது விமர்சனம். எழுத்தில் வராமல் வெட்டில் வருகிற விமர்சனம்.

இந்தக் கலையின் தொடக்கத்தை வழக்கமாக 1975இல் வைக்கிறார்கள். கேண்டி ஃபாங் என்ற அமெரிக்கப் பெண்மணி ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகை. அந்தத் தொடரின் தொகுப்பறையில் கழித்துப் போட்ட ஃபிலிம் துண்டுகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை ஸ்லைடுகளாக்கி, புரொஜெக்டரில் ஏற்றி, கேசட்டில் பாட்டை ஓடவிட்டு, தாளத்துக்கு ஏற்பப் படங்களை மாற்றி ரசிகர் மாநாடுகளில் காட்டினார். நகராத படங்கள்தான். ஆனாலும் பாட்டோடு சேர்ந்தபோது அவை ஒரு கருத்தைச் சொல்லின. ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லெனார்டு நிமோய் தன் சொந்தக் குரலில் பாடிய ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டின் மேல் அவர் அமைத்த காட்சி இன்றைக்கும் ஆய்வாளர்கள் பேசுகிற படைப்பு. அறிவுக்கும் உணர்ச்சிக்கும் நடுவே நிற்கும் ஒரு மனிதனை அது காட்டியது.

ஏன் ‘ஸ்டார் டிரெக்’, ஏன் பெண்கள் என்ற கேள்விக்கு ஃபிரான்செஸ்கா கொப்பா என்ற ஆய்வாளர் ஒரு விடை சொல்கிறார். ரசிகர் காணொளியின் வரலாற்றை முழு நூலாக எழுதியவர் அவர். 2022இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்கு முதலில் எடுத்த முன்னோட்டப் பகுதியில் கப்பல் தலைவருக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண். மேஜல் பேரட் நடித்தார். உணர்ச்சியைக் காட்டாத, கணக்கில் தப்பாத, கட்டளையிடத் தெரிந்த பெண். ஒளிபரப்பு நிறுவனம் அந்த முன்னோட்டத்தை ஏற்கவில்லை. தொடர் திரும்ப எடுக்கப்பட்டபோது அந்தப் பெண் அதிகாரி இல்லை. அவளுடைய நிதானமும் தருக்கமும் ஸ்பாக்குக்குப் போயின. பேரட் செவிலி வேடத்தில் வந்தார். திரையிலிருந்து வெட்டப்பட்ட அந்தப் பெண்ணின் இடத்தைத் தேடியே பெண் ரசிகர்கள் வெட்டும் கருவியைக் கையில் எடுத்தார்கள் என்பது கொப்பாவின் வாதத்தின் சாரம். முழுவதும் ஏற்கிறீர்களோ இல்லையோ, கழித்துப் போட்ட ஃபிலிம் துண்டுகளை ஒரு பெண் பொறுக்கி எடுத்ததில்தான் இந்தக் கலை தொடங்கியது என்ற செய்தியோடு சேர்த்துப் பாருங்கள். எனக்கு அது ஆழமான வாதமாகவே படுகிறது.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1936இல் நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர், ‘ஈஸ்ட் ஆஃப் போர்னியோ’ என்ற சாதாரணப் படத்தின் பிரதியை வெட்டி, ரோஸ் ஹோபார்ட் என்ற நடிகை வரும் காட்சிகளை முதன்மையாக வைத்து ஒரு குறும்படம் அமைத்தார். நீலக் கண்ணாடி வழியே மெதுவாக ஓட்டி, பிரேசில் நாட்டு இசைத்தட்டைப் பின்னணியில் சுழலவிட்டார். திரையிடலுக்கு வந்திருந்த ஓவியர் சால்வடார் டாலி கோபத்தில் கத்தி ரகளை செய்தார். தன் மனத்தில் இருந்த எண்ணத்தைக் கார்னெல் திருடிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. கார்னெல் அதன் பிறகு நெடுங்காலம் அந்தப் படத்தைப் பொதுவில் காட்டத் தயங்கினார். அருங்காட்சியகங்கள் இன்று அதை நவீனக் கலையின் சாதனை என்று போற்றுகின்றன. அதே காரியத்தை இல்லத்தரசிகளும் நூலகர்களும் ஆசிரியைகளும் வீட்டுக் கூடத்தில் செய்தபோது அதற்குக் கலை என்ற பெயர் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. 2016இல் வான்கூவர் கலைக்கூடம் ஒட்டுக்கலை பற்றி நடத்திய பெரிய கண்காட்சியில் ரசிகர் காணொளிகளுக்கும் சுவரில் இடம் ஒதுக்கினார்கள்.

வீட்டுக் கூடம் என்று சொன்னேன். அந்தக் கூடத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உழைப்பின் அளவு தெரியாமல் ஏலத்தின் பொருள் விளங்காது.

1980களில் கருவி, வீடியோ கேசட் ரெக்கார்டர். இரண்டு வேண்டும். ஒன்றில் மூல நாடா ஓடும்; மற்றதில் வெற்று நாடா பதியும். வேண்டிய துணுக்கு வரும் இடத்தில் பதிவைத் தொடங்க வேண்டும், முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த இயந்திரம் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்காது. சற்றுப் பின்னால் உருண்டு போய்த்தான் தொடங்கும். எவ்வளவு பின்னால் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். தன் இயந்திரத்தின் குணத்தைப் பழகிக்கொண்டு, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒவ்வொரு துணுக்கையும் அளந்தாக வேண்டும். வெட்டு விழுந்த இடத்தில் வண்ணக்கோடுகள் ஓடும். நிறுத்தி வைத்த நிலையில் சில நிமிடம் போனால் இயந்திரம் தானாகவே விடுவித்துக்கொள்ளும். அடுத்த துணுக்கை அதற்குள் தேடிப் பிடித்தாக வேண்டும். துணுக்குகளை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகத்தான் பதிய முடியும். நடுவில் ஒன்று பிசகினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் போயிற்று. எல்லாவற்றையும்விடக் கடினமானது, பாட்டைக் கடைசியில்தான் ஏற்ற முடியும். படம் பாட்டோடு பொருந்துகிறதா என்பது வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் தெரியும்.

கலிஃபோர்னியா குழு என்று அறியப்பட்ட பெண்கள் 1990இல் இந்தச் சிரமத்தையே ஒரு காணொளியாக எடுத்தார்கள். ‘பிரஷர்’ என்று பெயர். ஒரு காணொளியைத் தொகுக்க அவர்கள் படும் அவதியை அவர்களே நடித்துக் காட்டுகிறார்கள். ரசிகர் பண்பாட்டைப் பற்றி ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட ‘டெக்ஸ்ச்சுவல் போச்சர்ஸ்’ நூல் இந்தக் கலையைக் கல்வி உலகத்துக்கு எடுத்துச் சென்றது. ஆனால் ‘பிரஷர்’ போன்ற படைப்புகள் அதற்கு முன்பே தம்மைத் தாமே ஆராய்ந்துகொண்டிருந்தன.

இத்தனை இடர்ப்பாட்டில் ஒருவர் தனியாக வேலை செய்ய முடியாது. ஒரு வீட்டில் நல்ல இயந்திரம் இருக்கும், இன்னொரு வீட்டில் எல்லாப் பகுதிகளும் பதிந்த நாடாக்கள் இருக்கும். ஞாபகசக்தி உள்ளவர் எந்தக் காட்சி எந்தப் பகுதியில் வருகிறது என்று சொல்வார். கை பழகியவர் பொத்தானை அழுத்துவார். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவார். முடிந்த காணொளி வேண்டுமென்றால் வெற்று நாடாவும் அஞ்சல் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து அனுப்புவார்கள். உழைப்புக்கு ஒரு காசும் கிடையாது. கிடைத்தது வேறு: கூர்மையான பார்வையாளர்கள். சிகாகோவில் 2002 முதல் 2018 வரை ‘விவிட்கான்’ என்று இதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடந்தது. புதிய காணொளிகளை இருட்டறையில் மௌனமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு கூடி, ஒவ்வொரு வெட்டையும் எடுத்துப் பேசுவார்கள். தன் படைப்பை இப்படிப் பார்க்க ஆட்கள் கிடைப்பது எந்தக் கலைஞருக்கும் பெரும் பேறு.

காசு வாங்காததற்கு இரண்டு காரணம். ஒன்று சட்டம், மற்றது மானம்.

சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டை முடிவுசெய்ய நான்கு காரணிகளைச் சொல்கிறது. எதற்காகப் பயன்படுத்தினார்கள், மூலத்தின் தன்மை என்ன, எவ்வளவு எடுத்தார்கள், மூலத்தின் சந்தை பாதிக்கப்பட்டதா. வணிக நோக்கம் இல்லை என்பது முதல் காரணியில் தொகுப்பவருக்குச் சாதகம். ஆனால் 1998இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் வேறொரு பூட்டைப் போட்டது. டிவிடியின் மறைகுறிப் பூட்டை உடைப்பதே குற்றம். உடைத்து எடுத்த காட்சியை எவ்வளவு நியாயமாகப் பயன்படுத்தினாலும் சரி. இதற்கு விலக்குக் கேட்டு ரசிகர்களின் சார்பில் வாதாடினார்கள். 2010 ஜூலையில், வணிகம் சாராத காணொளிகளுக்காக விமர்சனம் அல்லது கருத்துரை நோக்கில் டிவிடியிலிருந்து சிறு துணுக்குகளை எடுக்கலாம் என்று விலக்குக் கிடைத்தது. 2012இல் அதைப் புதுப்பித்தபோது ஒரு முக்கியமான விளக்கமும் சேர்ந்தது. பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காகத் தொகுத்த காணொளியும், தொகுக்கச் சொன்னவரின் பயன்பாடு வணிகம் சாராததாக இருந்தால், இந்த விலக்குக்குள் வரும். அறக்கொடை ஏலத்தில் தொகுப்பவர் கையில் பணமே விழுவதில்லை. அவருடைய நிலை இன்னும் வலுவானது என்று நினைக்கிறேன். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன், விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி என்று நோக்கங்களை எண்ணிச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே இங்கே பொருத்திப் பேசக் கூடாது என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மானம் என்றேனே, அதை 2007இல் நடந்த ஒன்று விளக்கும். ‘ஃபேன்லிப்’ என்ற நிறுவனம் ரசிகர்கள் எழுதும் கதைகளைத் திரட்டி லாபம் பார்க்க முனைந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். பல்லாண்டுகளாக ஒருவருக்கொருவர் அன்பளிப்பாகத் தந்த எழுத்தை, அந்த வட்டத்துக்குள் வராத யாரோ மூலதனமாக்குவதா? அந்தக் கோபத்திலிருந்துதான் அதே ஆண்டு ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு பிறந்தது. சற்று முன் சொன்ன 2010 விலக்குக்காக வாதாடியவர்களில் அந்த அமைப்பும் ஒன்று. அது நடத்தும் கதைக் காப்பகத்துக்கு 2019இல் ஹ்யூகோ விருது கிடைத்தது. சும்மா கொடுப்பதைக் கட்டிக்காக்க இவ்வளவு பெரிய நிறுவனத்தை எழுப்பினார்கள் என்றால், அந்தக் கொள்கை அவர்களுக்கு எவ்வளவு உயிரானது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி ஏலத்துக்கு வருவோம். நம் ஊர் சர்ச்சுகளில் அறுவடைத் திருநாள் ஏலம் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பழுத்த முதல் வாழைத்தார், கோழி, கைவேலைத் துணி என்று காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவார்கள். கடையில் விற்கும் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். வாழைத்தாருக்கு அந்த விலை இல்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும், ஏலம் விடுகிறவருக்கும் தெரியும். அந்தத் தொகை சபையின் காரியத்துக்குப் போகிறது. வாழைத்தார் அதற்கு ஒரு வழி. ரசிகர்களின் ஏலமும் இந்த வகைதான். காணொளிக்கு விலை வைக்கவில்லை. ஒருவர் தன் இரவுகளைத் தருகிறார், இன்னொருவர் பணத்தைத் தருகிறார், இரண்டு பேரும் ஹைட்டிக்குத்தான் தருகிறார்கள். எந்த நேரமும் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த ஒருவர் ‘இதை அறத்துக்காகத் தருகிறேன்’ என்றால், வழக்கமான கூலியிலிருந்து எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்ற கணக்குப் பார்ப்போம். ஒருபோதும் விற்காதவர் தரும்போது அந்தக் கணக்கே எழாது. ஏலத்தொகை என்பது கேட்பவரின் ஈகையின் அளவு மட்டுமே. படைப்பின் மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏலம் எடுத்தவர் அந்தக் காணொளியைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுவில் வரும். அவர் பெற்றது, ‘எனக்குப் பிடித்த இந்தத் தொடரை நீங்கள் படித்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் உரிமை. பணம் கொடுத்தவருக்கு உடைமை இல்லாத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

ஹைட்டிக்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. 2011 தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து வெள்ளத்துக்கும், பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்கும், மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானுக்கும் இப்படி ஏலங்கள் நடந்தன. 2016 நவம்பரில் நடந்த அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு ‘ஃபேண்டம் டிரம்ப்ஸ் ஹேட்’ என்ற ஏலம் தொடங்கி ஆண்டுதோறும் நடந்து வருகிறது. பேரிடருக்கு மட்டும் அல்லாமல், விளிம்புநிலை மக்களுக்காக உழைக்கும் அமைப்புகளுக்குப் பணம் திரட்டுவது அதன் வேலை. கதை, ஓவியம், காணொளி மட்டுமல்ல. பிறர் கதையைத் திருத்தித் தருவது, மொழிபெயர்ப்பது, கதையை வாசித்து ஒலிப்பதிவு செய்வது எல்லாம் அதில் உண்டு.

இந்த ஏலங்களின் பட்டியலைப் பார்த்தால் கதைகள் குவிந்திருக்கும், காணொளிகள் குறைவாக இருக்கும். காரணம் எளிது. ஒருவர் ஐந்து பருவம் ஓடிய ஒரு தொடருக்குக் காணொளி கேட்கிறார் என்று வையுங்கள். பருவத்துக்கு 22 பகுதி, பகுதிக்கு 42 நிமிடம். மூலத்தை ஒரே ஒரு தடவை பார்த்து முடிக்கவே 77 மணி நேரம். அதற்குப் பிறகு துணுக்குகளைக் குறித்து வகைப்படுத்த வேண்டும். மூன்று நிமிடப் பாட்டில் இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு என்றால் 90 துணுக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் எது வர வேண்டும், எந்தத் திசையில் கண் நகர வேண்டும் என்று யோசித்தாக வேண்டும். இப்போது தொகுப்பு மென்பொருளில் டைம்லைன் இருக்கிறது, ஸ்டாப்வாட்ச் தேவையில்லை. பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் உள்ள நேரம் மட்டும் குறையவே இல்லை.

ஆகவே காணொளியை ஏலத்துக்குத் தர நினைக்கிறவர்கள் தங்கள் அறிவிப்பை மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. எந்தத் தொடர், எந்தப் பாத்திரம் என்பதை ஏலம் எடுத்தவர் சொல்லட்டும்; பாட்டைத் தொகுப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் எடுத்தவரிடமே விட்டால் தொகுப்பவர் கூலிக்காரர் ஆகிவிடுவார். பாட்டு இங்கே பின்னணி அல்ல, வாதம். 2007இல் லுமினாசிட்டி, சிசபெட் என்ற புனைபெயர்களில் இயங்கிய இரண்டு தொகுப்பாளர்கள் ‘விமன்ஸ் வொர்க்’ என்ற காணொளியைத் தந்தார்கள். ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் பெண்கள் கொல்லப்படும், தாக்கப்படும் காட்சிகளை அடுக்கி, ஒரு பெண்ணின் ஆவேசக் குரல் ஒலிக்கும் பாட்டின் மேல் வைத்தார்கள். நாயகர்களின் துயரத்துக்கு விறகாகப் பெண்களின் சாவு எப்படிப் பயன்படுகிறது என்பதை அந்தத் தொடரை விரும்பிப் பார்த்தவர்களே கேட்டார்கள். அதே காட்சிகளை மெல்லிய சோகப் பாட்டின் மேல் வைத்திருந்தால் அது அஞ்சலியாகியிருக்கும். பாட்டு மாறினால் கருத்தே மாறிவிடும். எனவே ‘எந்தப் பாட்டும் சரி’ என்று வாக்குக் கொடுப்பவர் தன் கருத்தையே அடகு வைக்கிறார். இரண்டு மூன்று பாட்டுகளை முன்வைத்து எடுத்தவரோடு பேசி முடிவுசெய்வது அழகான வழி.

அறம் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதே 2010ஆம் ஆண்டின் நடுவில், ஏலத்தோடு தொடர்பில்லாத ஒரு நீண்ட ரசிகர் கதை வெளியாயிற்று. ஹைட்டி நிலநடுக்கத்தைப் பின்புலமாக வைத்து, இரண்டு வெள்ளை அமெரிக்கர்களின் காதலைச் சொன்ன கதை. ஹைட்டி மக்கள் அதில் இழிவாகக் காட்டப்பட்டிருந்தார்கள். ரசிகர்களுக்குள்ளிருந்தே கடுமையான கண்டனம் எழுந்தது, எழ வேண்டியதுதான். மனமுவந்து பணம் தந்த அதே உலகத்தில்தான் இதுவும் எழுதப்பட்டது. ஒரு நாட்டுக்கு உதவுவதும் அந்த நாட்டு மக்களை மனிதர்களாகப் பார்ப்பதும் தனித்தனிக் காரியங்கள். ஏலம் நடத்துகிறவர்கள் எந்த அமைப்புக்குப் பணம் போகிறது, அதன் முடிவுகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடம் உண்டா என்று விசாரித்துப் பட்டியலிடுவது அதனால்தான் முக்கியம். பெரிய பெயர் என்பதற்காக ஓர் அமைப்பைச் சேர்த்துவிடக் கூடாது.

நம் பக்கம் கொஞ்சம் திரும்புகிறேன். சினிமா ரசிகர்கள் அறப்பணி செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரையின் எளிய மக்களிடையே சினிமா பற்றி ஆய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கி, ரசிகர் மன்றங்களின் சமூகப்பணியைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். ரத்த தானம், அன்னதானம், நோட்டுப் புத்தகம் வழங்குதல் என்று உடம்பாலும் பையாலும் கொடுப்பது நம் வழக்கம். கொடுப்பது நட்சத்திரத்தின் பேரில். நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஏலத்தில் ரசிகரின் கைத்திறனே கொடையாகிறது, அவருடைய பேரிலேயே. இன்று நம் இளைஞர்கள் கைபேசியில் செய்யும் ‘எடிட்’களைப் பாருங்கள். தாளத்தில் வெட்டு விழும் துல்லியம் சிலரிடம் வியக்கும்படி இருக்கிறது. அதை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். செய்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு வெள்ளம் வரும்போது ‘உங்கள் ஊரின் மறக்கப்பட்ட நடிகைக்கு ஒரு மூன்று நிமிடம் தொகுத்துத் தருகிறேன், நிவாரணத்துக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள்’ என்று கேட்க ஒருவருக்குத் தோன்றினால், அவர் தன் திறமையை மதிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

அப்படி யாருக்காவது தோன்றினால் சில நடைமுறைக் குறிப்புகள். நீளத்தைச் சொல்லிவிடுங்கள், ஒன்றரை நிமிடம் போதும் என்றால் ஒன்றரை நிமிடம். நீங்கள் ஏற்கெனவே முழுதும் பார்த்திருக்கும் தொடர்களை மட்டும் பட்டியலில் போடுங்கள். எதைத் தொடமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு மறுப்பதைவிட முன்பே சொல்வது மரியாதை. விட்டு விட்டு மின்னும் ஒளி இருந்தால், வலிப்பு வரக்கூடியவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்து, தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுங்கள். கெடுவைத் தாராளமாக வையுங்கள், வைத்த கெடுவைக் காப்பாற்றுங்கள். ஒருவர் உங்கள் சொல்லை நம்பி ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். ஏலம் நடத்துகிறவராக இருந்தால் பணத்தை உங்கள் கணக்கில் ஒரு நாள்கூட வாங்காதீர்கள். ரசீது மட்டும் உங்களிடம் வரட்டும்.

காணொளியைத் தளத்தில் ஏற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். யூடியூபின் தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டு நொடியில் முடக்கக்கூடும். 2009இல் ‘ஐமீம்’ தளத்தோடும் 2015இல் ‘பிளிப்’ தளத்தோடும் எத்தனையோ ரசிகர் காணொளிகள் காணாமல் போயின. முழுத் தரத்தில் கோப்பை ஏலம் எடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டு வன்தட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஏலம் கேட்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேர் பெற்ற தொகுப்பாளர்களின் அறிவிப்பில் தொகை முதல் மணியிலேயே ஏறிவிடும். பட்டியலில் கீழே, முதல் முறையாகத் துணிந்து முன்வந்தவர்களின் அறிவிப்புகள் இருக்கும். சிலவற்றில் கடைசி நாள் வரை ஒரு தொகையும் விழாது. தன் வேலையை முன்வைத்துவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. நிவாரண அமைப்புக்குப் போகும் பணம் எந்தப் பெயருக்கு எதிரே எழுதினாலும் ஒரே பணம்தான். நீங்கள் கீழேயிருந்து படிக்கத் தொடங்குங்கள்.